இந்த வயசில் எதுக்கு?

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதமும் கல்யாணப் பத்திரிகையும் வந்து சேர்ந்தன. மாப்பிள்ளைக்கு ஓசூரிலேயே வேலை என்பது நல்லதாய்ப் போயிற்று. நினைத்தால் பஸ் ஏறி மகளைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இங்கே பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்க மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசை கட்டி நிற்கின்றன. விலையைப் பற்றி விவசாயிகள் புலம்புவதை எழுத இன்னொரு கடிதம் வேண்டும்.

சரி, என் செய்திக்கு வருகிறேன். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று பெங்களூரில் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பதறாதே. புதிதாக எதுவும் வரவில்லை, மூளை கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்வது, பிறவியிலேயே உள்ளதுதான்.

பேரனால் தெரிந்தது. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று அவனைக் காட்டப் போனோம். இது குடும்ப வழியில் வரக்கூடியது என்பதால் வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். மருமகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி.

இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சின்ன வயதில் என்னைப் பார்த்தவர் ஒருவர் வேண்டும் என்றதால் அம்மாவை போனில் பிடித்தோம். சொப்பு வைத்து விளையாடுவாளா என்று டாக்டர் கேட்டார். "சொப்பை எங்க தொட்டா? புளி தட்டுறப்ப கொட்டையெல்லாம் பொறுக்கித் திண்ணையில வரிசையா அடுக்குவா. யாராச்சும் ஒண்ணைத் தள்ளிட்டா அன்னைக்குச் சோறே எறங்காது. மத்தபடி தங்கமான புள்ள, ஒரு தொந்தரவு கிடையாது" என்றது அம்மா. டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் யாருக்கு இது தெரியும், சொல். லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943லேயே எழுதிவிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனியாக இடம் பிடித்ததே 1980இல்தான். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் சேர்ந்தது 2016இல். அரூர் பக்கத்து வாத்தியாரை நொந்து என்ன பயன்? அதிலும் பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து அப்படியே செய்து பழகிவிடுவதால் லேசில் அகப்படுவதில்லையாம். நான் பார்த்துப் பழகியது உன்னைத்தான். தர்மபுரி ஹாஸ்டலில் யார் வந்தாலும் முதலில் "சாப்டீங்களா" என்பாய், அப்புறம்தான் விஷயத்துக்கு வருவாய். சிரிக்கும்போது வாயை மூடும் உன் கையைக்கூட எடுத்துக்கொண்டேன். நாள் முழுக்க இப்படி நடந்துகொண்டால் சாயங்காலம் பேச வாய் வராது. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிடுவேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

கானர் எழுதிய முதல் பிள்ளை, டொனால்ட் ட்ரிப்லெட், 2023 வரை இருந்தார், தெரியுமா? மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர். பேங்கில் வேலை, கோல்ஃப் ஆட்டம், கார் ஓட்டல் என்று 89 வயது வரை வாழ்ந்திருக்கிறார். பழகியவர்களுக்கெல்லாம் ஒரு நம்பர் கொடுப்பாராம். ஊரும் அவரை அவர் போக்கில் விட்டிருக்கிறது. குடும்பத்து பேங்க் என்பதால் அது சுலபமாயிருக்கலாம்.

எனக்கு மாங்கூழ் ஃபேக்டரி லேப் இருந்தது. கூழ் ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு ப்ரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, 14 இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் யாரும் யாரிடமும் நலம் விசாரிக்க வேண்டியதில்லை. புளிக்கத் தொடங்கிய கூழை மீட்டருக்கு முன்னால் என் மூக்கு சொல்லிவிடும். அதே மூக்கை வைத்துக்கொண்டு முகூர்த்த நாளில் பஸ்ஸில் மல்லிகைப் பூவுக்கும் தலை எண்ணெய்க்கும் நடுவில் உட்கார்ந்தால் குமட்டும்.

"இந்த வயசில் எதுக்கு இதெல்லாம்?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். இதை மாற்ற மாத்திரை கிடையாது. ஆனால் போன வாரம் என் வீட்டுக்காரர் பேரனின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "தாத்தா கண்ணைப் பார்த்துப் பேசுடா" என்றார். விடுங்க என்றேன். கண்ணைப் பார்த்தால் எனக்கு எதிராளி பேசுவது காதில் ஏறாது. அவனுக்கும் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. அவர் கையை எடுத்ததும் பையன் சுவரைப் பார்த்துக்கொண்டே "தாத்தா, மாம்பழம்" என்றான். அண்ணனுக்கு இதைத்தான் சொன்னேன். அவருக்குப் பிடிபட்ட மாதிரி தெரியவில்லை.

கல்யாண விஷயம். ரிசப்ஷனுக்கு வரமாட்டேன், ஸ்பீக்கர் பாட்டு ஆகாது. முகூர்த்தத்துக்கு விடியற்காலையிலேயே வந்துவிடுகிறேன். மேளக்காரர்கள் பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதே. கெட்டிமேளத்துக்குக் காதில் பஞ்சு வைத்திருப்பேன். சம்பந்தி வீட்டார் கேட்டால் காதுவலி என்று மழுப்பாதே, உள்ளதையே சொல்லிவிடு. பந்தியில் முதல் வரிசை வேண்டாம், கடைசியில் கூட்டம் குறைந்ததும் நாம் ரெண்டு பேரும் உட்காரலாம்.

அன்புடன்,
உன் சிநேகிதி