உன் புக்கோட மூணாவது சாப்டர் பத்தி

மாப்ள,

உன் மெயில் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ஒடனே பதில் போடணும்னுதான் இருந்தேன், ஆனா நீ கேட்டதுக்கு ரெண்டு வரில பதில் சொல்ல மனசு வரல. "டேட்டாபேஸ் பத்தி இனிமே ஒருத்தன் புக் எழுதினா யாரு படிக்கப் போறா"ன்னு கேட்டிருந்தே.

மொதல்ல என் பக்கத்து சேதி. நான் இத்தன வருஷமா டெக்னிக்கல் ரிவ்யூ பண்ணிக் குடுத்துட்டிருந்த பதிப்பகத்துல இனிமே வெளியாள் ரிவ்யூ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. நாலு வரி மெயில், அவ்ளோதான். கோவம்னு பெருசா வரல, ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கமும் வரல.

பைட்ங்கற கம்ப்யூட்டர் பத்திரிகை நின்னப்போ நாம பேசினது ஞாபகம் இருக்கா? 1975ல ஆரம்பிச்சது, 1998 ஜூலை இதழோட முடிஞ்சு போச்சு. ஏதோ ஒரு பத்திரிகை போச்சுன்னுதான் அப்போ நெனச்சோம். அப்புறம் 2009ல பிசி மேகசின் ஜனவரி இதழோட அச்ச நிறுத்திச்சு, பிப்ரவரில டாக்டர் டாப்ஸ், ஏப்ரல்ல கம்ப்யூட்டர் ஷாப்பர், நாலே மாசத்துல மூணு பேர். அந்த கம்ப்யூட்டர் ஷாப்பர் ஒரு காலத்துல எண்ணூறு பக்கத்துக்கு மேல டெலிபோன் டைரக்டரி மாதிரி வந்துட்டிருந்தது, அதுல முக்காவாசி தபால்ல கம்ப்யூட்டர் விக்கிறவங்க விளம்பரந்தான், வெல என்னன்னு நெட்லயே பாத்துக்கலாம்னு ஆனதுக்கப்புறம் அந்த விளம்பரத்துக்கு வேல இல்லாம போச்சு. வாசகன் குடுத்த சந்தால ஓடின வண்டி இல்ல அது, விளம்பரக்காரன் போனதும் வண்டியும் நின்னுடுச்சு.

புக்கு கத வேற. அத சாகடிச்சது வேகம். ஒரு டெக்னிக்கல் புக் எழுதி எடிட் பண்ணி அச்சாக ஒரு வருஷம் ஓடிடும், ஆனா குரோம் 2010லேர்ந்தே ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன் விட ஆரம்பிச்சாச்சு. வெப்சைட் செய்ய உதவற ஆங்குலர்ங்கற கோடு தொகுப்போட ரெண்டாவது வெர்ஷன் வந்தது 2016ல, பழசோட சம்பந்தமே இல்லாம மொத்தமா மாத்தி எழுதியிருந்தாங்க, அதுக்கு முந்தி வந்த புக்கெல்லாம் ஒரே நாள்ல பழசாயிடுச்சு. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அடுத்த வருஷமே டெக்னிக்கல் புக் போடற ஓரைலி பதிப்பகம் தன் சைட்டுல புக்க தனித்தனியா விக்கறத நிறுத்திட்டு சந்தா பக்கம் முழுசா போயிட்டாங்க.

பேப்பர் போனதுக்கு நான் அழல மாப்ள. தப்பா அச்சான ஒரு வரி அப்படியே நின்னுடும், நெட்ல அன்னிக்கே திருத்திடலாம், அது பெரிய விஷயம். எனக்கு வலிக்கறது நடுவுல இருந்த ஆளுங்க போனதுதான். ஒருத்தர் எழுதுவாரு, இன்னொருத்தன் ஒவ்வொரு புரோகிராமையும் தன் கையால டைப் பண்ணி ஓட்டிப் பாப்பான், "பக்கம் 112ல நீங்க சொன்ன அவுட்புட் எனக்கு வரல"ன்னு எழுதி அனுப்புவான், எடிட்டர் வந்து இது ஆறாவது சாப்டருக்கு முன்னாடி வரணும், இல்லன்னா புதுசா படிக்கிறவனுக்கு புரியாதுன்னு சண்ட போடுவாரு. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு புக்குல லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடற கோடு, எத்தன தடவ ஓடணும்ங்கற எண்ணிக்கைல ஒண்ணு தப்பா இருந்தத நான் கவனிக்காம விட்டுட்டேன், அச்சாயிடுச்சு, இன்னிக்கும் அந்தப் பக்கம் என் கண்ணுல நிக்குது. அப்படி உறுத்தற ஒரு ஆளு நடுவுல இருக்கணும்னுதான் சொல்றேன்.

புரோகிராமருங்க கேள்வி கேட்டு பதில் வாங்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட் 2008ல வந்தப்போ நானும் சந்தோஷப்பட்டேன், அதுல நெறைய பதிலும் எழுதினேன். இப்போ ஏஐ கிட்ட கேட்டா இன்னும் சீக்கிரம் பதில் வருது. ஆனா டேட்டாபேஸ்ல ரெண்டு வேல ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கிட்டு மாட்டிக்கற டெட்லாக் எரர் வந்தவன் அத தேடுவான், திரும்ப ட்ரை பண்ணுன்னு ஒரு பதில் கெடைக்கும், வேலயும் நடந்துடும். ஒரே நேரத்துல ஓடற வேலைங்க ஒண்ணு செஞ்ச மாத்தத்த இன்னொண்ணு எவ்ளோ பாக்கலாம்ங்கறதுதான் ஐசொலேஷன் லெவல், போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல அத சொல்லாம விட்டா ரீட் கமிட்டட், அதாவது நடுவுல மத்தவன் முடிச்ச மாத்தம் அடுத்த கேள்விலயே தெரியும், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோட இன்னோடிபிங்கற சேமிப்பு பகுதில ரிப்பீட்டபிள் ரீட், அதாவது மறுபடி படிச்சாலும் மொதல்ல பாத்ததே வரும், அதனால அதே கோடு ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி கணக்கு காட்டலாம், இதெல்லாம் எப்போ அவன் காதுல விழும்? எரரே வராதே, எதத் தேடுவான்? அத வரிசையா ஒருத்தர் உக்காந்து சொன்னாத்தான் உண்டு. உன் அவுட்லைன்ல மூணாவது சாப்டர் அதானே?

அதனால எழுது. எத்தன பேர் வாங்குவான்னு என்னால சொல்ல முடியாது, உன் மெனக்கெடலுக்கு காசு வராதுன்னே வெச்சுக்கோ. ஆனா வெர்ஷன் மாறினாலும் மாறாத பக்கத்த மொதல்ல எழுது, கமாண்டு, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் குறைச்சுக்கோ.

அந்த மூணாவது சாப்டர் எந்த நெலமைல இருந்தாலும் அப்படியே அனுப்பு. எனக்கு இப்போ நேரம் இருக்கு. ரெண்டு டேட்டாபேஸும் போட்டு வெச்சிருக்கேன், ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் காப்பி பேஸ்ட் பண்ணாம டைப் அடிச்சுத்தான் ஓட்டிப் பாப்பேன், வராதத பக்க நம்பரோட எழுதி அனுப்பறேன்.