பிள்ளைகளுக்கு இடங்கொடுங்கள்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகர குருவானவர் அவர்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

ஸ்தோத்திரம். பதினோரு வருடமாக நம் ஆலயத்தில் ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கமிட்டிக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிறு, வகுப்பு நடக்கும் ஆலய மண்டபத்தை வளைகாப்புக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். அன்றைய பாடம், சாமுவேலைக் கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டது. மண்டபத்து ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. "சாமுவேலே, சாமுவேலே" என்று நான் தொண்டை கிழியக் கத்தியும், "டீச்சர், எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான் ஒரு பையன். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் ஏலிதான். சிறுவன் சாமுவேலை வளர்த்த ஆசாரியர், கண் மங்கிய கிழவர். சாமுவேல் மூன்று தடவை ஓடி வந்த பிறகுதான் கூப்பிடுவது யார் என்று அவருக்கே புரிகிறது. ஆனால் புரிந்ததும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பையனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். பெரியவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

ஓய்வுநாள் பள்ளியை ஆராதனை நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் இதை நடத்தத் தொடங்கியபோது, வாரம் ஆறு நாள் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகள் எழுத்துப் படிக்க ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். நம் பிள்ளைகளுக்கு அந்த ஞாயிறும் டியூஷனுக்குப் போய்விட்டது. பத்தாம் வகுப்பு வந்தால் பையனை ஆலயத்தில் பார்ப்பதே அபூர்வம். அதற்குக் கமிட்டியைக் குறை சொல்ல மாட்டேன், பெற்றோரான நம் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

பக்கத்தில் டோனாவூரையே பாருங்கள். கிராமம் கிராமமாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர் அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல். 1901-ல் ஏழு வயதுப் பெண்குழந்தை ஒன்று அவரிடம் தஞ்சம் வந்தது. அடுத்தடுத்துக் குழந்தைகள் வர வர, அவருடைய ஊழியமே பிள்ளைகள் பக்கம் திரும்பியது. ஆயா வேலைக்கா மிஷனெரியாக வந்தீர்கள் என்கிற மாதிரி அன்றைக்கும் பேசியவர்கள் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலை எட்டரை முதல் பத்து வரை மண்டபத்தை வாடகைக்கு விட வேண்டாம். வருமானம் குறையும், தெரியும். கோபுரத்துக்குப் பெயின்ட் அடிப்பது ஒரு வருடம் தள்ளிப்போனால் என்ன?

இன்னொன்று இதைவிட முக்கியம். இப்போது நாற்பது பிள்ளைகளுக்கு நாங்கள் மூன்று பேர். பல ஞாயிறு ஒரு வகுப்பில் பெரியவர் ஒருவர்தான் இருக்கிறார். எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள் இல்லாமல் கதவைச் சாத்தக் கூடாது என்று கமிட்டியே விதி போட வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-ல். "நம்ம ஆளுங்கதானே" என்ற பேச்சு இனியும் போதாது. யாரையும் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கும் பாதுகாப்பு.

ஞானஸ்நான ஆராதனையில் மாற்கு பத்தாம் அதிகாரத்தை வாசிக்கிறோம். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியது சீஷர்கள், அதாவது கூடவே இருந்தவர்கள். இயேசு விசனமடைந்தது அவர்கள்மேல்தான். "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்றார். எனக்கு இப்போதைக்கு அந்த வார்த்தையின் நேர் அர்த்தமே போதும். நாற்பது பேர் உட்கார ஒரு இடம்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வேப்பமரத்தடியும் கிடையாது. அதற்குள் மண்டபத்துச் சாவியில் ஒன்றை எங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை