பெற்றோர் துக்கமும் ஒரு பழைய வாதமும்

அன்புள்ள முருகேசா,

பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். இங்கே அடுத்த மாதம் அம்மாவின் தலைத்திவசம். அவளுடைய வெற்றிலைச் செல்லம் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. கரண்டகத்தில் சுண்ணாம்பு காய்ந்து கல்லாகிவிட்டது. எடுத்து உள்ளே வைக்கக் கை வரவில்லை.

சீனாவில் இருப்பது தத்துவமா, வெறும் நீதிமொழியா என்று கேட்டிருந்தாய். கன்பூசியஸை உலக நடப்பு தெரிந்த பெரியவர் என்ற அளவோடு ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் நிறுத்திக்கொண்டார். 2001இல் ஷாங்காய்க்குப் போன பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா, சீனாவில் தத்துவம் இல்லை, சிந்தனை உண்டு என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தத்துவத்துக்குச் சீனர்கள் வழங்கும் சொல்லே நிஷி அமானே என்ற ஜப்பானியர் 19ஆம் நூற்றாண்டில் ஆக்கியதுதான். பெயர் பிந்தி வந்தால் பொருளும் பிந்தியதாகிவிடுமா?

கன்பூசியஸின் உரையாடல்களைத் தொகுத்த 'லுன்யூ' நூலின் 17ஆம் பகுதியைப் படித்துப் பார். பெற்றோருக்கு மூன்றாண்டு துக்கம் எதற்கு, ஓராண்டு போதாதா என்கிறான் சாய் வோ என்ற சீடன். காரணமும் சொல்கிறான்: அத்தனை காலம் கைவிட்டால் சடங்கும் இசையும் சிதைந்துவிடும், பழைய தானியம் தீர்ந்து புதியது விளைய ஓராண்டுதானே ஆகிறது? கன்பூசியஸ் அதட்டவில்லை. "அரிசிச்சோறு உண்டு, பட்டு உடுத்தினால் உன் மனம் ஆறுதலாக இருக்குமா?" என்று கேட்கிறார். இருக்கும் என்கிறான். அப்படியானால் செய் என்று விட்டுவிடுகிறார். அவன் போன பிறகுதான், பிள்ளை பெற்றோர் மடியை விட்டிறங்கவே மூன்றாண்டு ஆகிறதே என்கிறார்.

வாதம் அதோடு முடியவில்லை. நீண்ட துக்கம் உழைப்பைக் கெடுத்து நாட்டை ஏழையாக்கும் என்று கன்பூசியஸ் வழியை எதிர்த்த மோசி என்ற சீனச் சிந்தனையாளரின் வழியினர் அடித்துப் பேசினார்கள். அவர்களில் ஒருவருக்கு, கன்பூசியஸ் வழிவந்த மென்சியஸ் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. ஆதியில் மனிதர்கள் இறந்த பெற்றோரைப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னொரு நாள் அந்த வழியே போனபோது உடலை நரி தின்றது, ஈ மொய்த்தது. கண்டவனுக்கு நெற்றி வியர்த்தது. பிறர் பார்க்கிறார்களே என்று வந்த வியர்வையல்ல அது, உள்ளத்திலிருந்து முகத்துக்கு வந்தது. வீட்டுக்கு ஓடி, கூடையும் மண்வெட்டியும் கொண்டுவந்து மூடினான்.

பயனைப் பார்ப்பதா, அந்த வியர்வையைச் சாட்சியாக ஏற்பதா? இதைத் தலைமுறை தலைமுறையாக வாதிட்டவர்களுக்குத் தத்துவம் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

திதி முடிந்தால் பொங்கல் வைக்கலாம், புதுத்துணி உடுத்தலாம் என்கிறார்கள் உறவினர்கள். சாய் வோவிடம் கேட்ட கேள்வி என்னிடமும் நிற்கிறது. இன்னும் பதில் சொல்லவில்லை.

தை பிறந்ததும் வா. குழந்தையின் படம் கொண்டு வா.

அன்புடன்,
ராமலிங்கம்