கோபுரம் கட்டியவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் மூலைக்கல் பற்றி வந்த ஆன்மிகக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கல்லைப் பற்றி அவ்வளவு எழுதியவர் அதைத் தூக்கி வைக்கிற ஆளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நான் கொத்தனார் மகன், அதனால்தானோ என்னவோ அது உறுத்தியது.

"வீடு கட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று" என்கிறது வேதாகமத்தின் 118ஆம் சங்கீதம். கல்லைத் தள்ளுவது என் அப்பாவுக்கு அன்றாட வேலை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார், கணீரென்று கேட்டால் சுவருக்குப் போகும், அடைத்த மாதிரி சத்தம் வந்தால் உள்ளே கீறல் என்று ஓரமாகப் போட்டுவிடுவார். கீறலே இல்லாமல் ஒதுக்குகிற கல்லும் உண்டு. வரிசைக்கு ஒத்துவராத பெரிய கல்லாக இருக்கும், உடைக்கவும் மனசு வராது, நாலு நாள் கழித்து வேலை மூலைக்கு வந்து இரண்டு சுவரையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கல் வேண்டும் என்கிறபோது சித்தாளைக் கூப்பிட்டு "அந்த ஓரத்துல கிடக்கே, அதைப் புரட்டிக் கொண்டா" என்பார். நானும் நாற்பது வருஷமாகப் பிரசங்கம் கேட்கிறேன், இதை ஒருவரும் சொன்னதில்லை.

கற்பாறைமேல் கட்டின வீட்டைப் பற்றி இயேசு சொன்ன கதையும் அப்படித்தான். மத்தேயு தன் சுவிசேஷத்தில் பாறை, மணல் என்று சொல்லிவிட்டுப் போகிறார். லூக்கா மட்டும் "ஆழமாய்த் தோண்டி" என்று இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினவனுக்குத்தான் அந்த இரண்டு வார்த்தையின் அருமை தெரியும். வீட்டுக்காரர் மேலே நின்றுகொண்டு "இது போதாதா மேஸ்திரி, மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு" என்று கேட்பதை நான் சின்ன வயசில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் தற்செயலாக வந்த உவமைகள் இல்லை. சொன்ன இயேசுவே தொழிலாளிதானே. மாற்கு 6ஆம் அதிகாரத்தில் அவருடைய சொந்த ஊரான நாசரேத்துக்காரர்கள் "இவன் தச்சன் அல்லவா?" என்று கேட்கிறார்கள். மூல கிரேக்கத்தில் அந்தச் சொல் டெக்டோன். மரவேலைக்காரர் மட்டுமல்ல, வீடு கட்டுகிறவரையும் அது குறிக்கும். கல் வீடுகள் நிறைந்த கலிலேயாவில் இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்கலாம். நாசரேத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில் செப்போரிஸ் என்ற நகரத்தை ஏரோது அந்திப்பா அப்போது புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தான், யோசேப்பும் மகனும் அங்கே வேலைக்குப் போயிருக்கலாம் என்று சில அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். சுவிசேஷங்களில் அப்படி எதுவும் இல்லை. எனக்கு முக்கியம் அந்தக் கேள்வியின் தொனி. கத்தோலிக்கர் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்பில் "இவர் தச்சர் அல்லவா!" என்று மரியாதையாக இருக்கிறது. எங்கள் பழைய மொழிபெயர்ப்பின் 'தச்சன்' தான் அந்த இடத்துக்குச் சரி, ஏனென்றால் அவர்கள் இளக்காரமாகத்தான் கேட்டார்கள். "கொத்தன் மவன்தானல" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டவனுக்கு அந்தத் தொனி நன்றாகவே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஊர்க் கோவிலின் கோபுரத்தை அப்பா ஒன்றரை வருஷம் நின்று கட்டினார். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார், நூல் சுவரை விட்டு ஒரு அரிசி அளவு விலகினாலும் அந்த வரியைப் பிரித்துவிட்டு மறுபடி வைப்பார். பிரதிஷ்டை அன்று கல்வெட்டைத் திறந்தார்கள். பேராயர், சேகர குரு, செயலர், பொருளர், கமிட்டி உறுப்பினர் என்று பதினோரு பெயர். உள்ளே மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர், அதைச் சுற்றவிட்டால் படிக்க முடியாது என்பது வேறு விஷயம். அப்பா பெயர் எங்கேயும் இல்லை. அவர் சாமியானாவுக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று விழாவைப் பார்த்துவிட்டு, கடைசித் தவணைக் கூலிக்கு இன்னும் மூன்று மாசம் அலைந்தார். அநியாயத்தினால் மேலறைகளைக் கட்டி, வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்காதவனைப் பார்த்து 'ஐயோ' என்கிற எரேமியா 22ஐ அந்தக் கமிட்டியில் யாராவது வாசித்திருப்பார்களா, தெரியவில்லை.

வேதாகமத்தில் கட்டியவர் பெயரை விடுகிற பழக்கமே இல்லை. ஆசரிப்புக் கூடாரம் என்கிற வழிபாட்டுக் கூடார வேலைக்குப் பெசலெயேலை "பேர்சொல்லி அழைத்து" என்றுதான் யாத்திராகமம் 31இல் இருக்கிறது, அப்பா பெயர், தாத்தா பெயர், கோத்திரம் எல்லாம் சேர்த்து. நெகேமியா 3 இன்னும் ஒரு படி மேல், எருசலேம் மதிலில் எந்த வாசலை யார் கட்டினார் என்று மேஸ்திரி நோட்டு மாதிரி ஒரு அதிகாரம் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டான் வருகிறார், தைலக்காரர் வருகிறார், சல்லூமும் அவருடைய மகள்களும் வருகிறார்கள், குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்த்த மல்கியாவும் உண்டு. வேலைக்குக் கழுத்தைக் கொடுக்காத தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்களைக்கூட விடவில்லை, வேலை செய்யவில்லை என்றே எழுதிவிட்டார்கள்! நம் கல்வெட்டுகளில் கொஞ்சம் தலைகீழாக நடக்கிறது.

சாந்தோமில் அடக்கம் பண்ணப்பட்டதாக நாம் சொல்கிற இயேசுவின் சீடர் தோமாவை ஓவியர்கள் பலர், மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மூலமட்டத்தோடு வரைந்திருக்கிறார்கள். அவர் இந்தியாவுக்கு வந்ததே ஒரு ராஜாவுக்கு அரண்மனை கட்டத்தான் என்று தோமாவின் பணிகள் என்ற பழைய நூல் சொல்கிறது. கத்தோலிக்கர் மே 1ஐத் தொழிலாளர் யோசேப்பு திருநாளாக 1955இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து கொண்டாடுகிறார்கள். சரி, சுரூபத்துக்கு மாலை போடட்டும், கோவில் கட்டுகிற ஆளுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.

எங்கள் சபையில் தை மாசம் புது மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள். தலைமைக் கொத்தனார், ஆசாரி இருவர் பெயரையும் கல்வெட்டில் போடுங்கள், எழுத்து வெட்டுகிற கூலியை நானே தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஐந்து வாரம் ஆகிறது.

இப்படிக்கு,
கொத்தனார் மகன்,
திருநெல்வேலி