பல்கலைக்கழக இணையதளம்: முகப்புக்கு முன்னால் முகவரிப் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தைப் புதுப்பிக்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது முகப்புப் பக்கம், ஓடும் படங்கள், செல்பேசித் திரைக்குப் பொருந்தும் வடிவமைப்பு ஆகியவற்றை விரிவாக எழுதுகிறார்கள். பழைய தளத்தில் கிடக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்களும் பிடிஎஃப் கோப்புகளும் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி இருந்தாலே அதிகம். புதிய தளம் திறந்த மறுநாள் பாடத்திட்டம் தேடும் மாணவருக்குப் ‘பக்கம் இல்லை’ என்பதற்கான ‘404’ வருவது இதனால்தான். வடிவமைப்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பழைய பக்கங்கள், கோப்புகளின் இணைய முகவரிகள் முழுவதன் பட்டியலும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும்.

‘ஸ்க்ரீமிங் ஃப்ராக்’ போன்ற மென்பொருள் முகப்பில் தொடங்கி ஒவ்வோர் இணைப்பாகப் பின்தொடர்ந்து முகவரிகளைத் திரட்டித் தரும். அதன் இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும். பல்கலைக்கழகத்துக்கு அது போதாது. கட்டணப் பதிப்பானாலும், எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத கோப்பு அதன் கண்ணில் படாது. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டுக்கான சான்றாவணங்களில் பல இந்த வகைதான். கோப்பை சர்வரில் ஏற்றி, முகவரியை மட்டும் எடுத்துச் சுயமதிப்பீட்டு அறிக்கையில் ஒட்டிவிடுவார்கள். தளத்தின் எந்தப் பட்டியலிலும் அது இருக்காது. தளம் மாறியதும் அறிக்கையில் உள்ள இணைப்புகள் மொத்தமாகச் செத்துப்போகும். சரிபார்ப்புக் குழு விளக்கம் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

ஆகவே மென்பொருள் தரும் பட்டியலோடு சர்வரில் உள்ள கோப்புகளின் பட்டியல், கடந்த 12 மாத சர்வர் பதிவுகள், தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் ‘சர்ச் கன்சோல்’ கருவியில் உள்ள பக்கங்கள், உள்தர உறுதிப்பிரிவு சமர்ப்பித்த அறிக்கைகளில் உள்ள இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே விரிதாளில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எந்தத் துறைக்குரியது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எத்தனை பேர் பார்த்தார்கள், இனி என்ன செய்வது என்ற நான்கும் இருக்கட்டும். வைப்பது, திருத்துவது, இன்னொன்றோடு சேர்ப்பது, காப்பகத்துக்கு அனுப்புவது என்ற முடிவைத் துறைத் தலைவர்தான் எடுக்க வேண்டும். அதை வடிவமைப்பு நிறுவனத்திடம் விடக் கூடாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு தாமாக வெளியிடச் சொல்லும் 17 இனங்களும் இந்தப் பட்டியலில் தனியே குறிக்கப்பட வேண்டும். பார்வையாளர் குறைவு என்று அவற்றை நீக்க வழியில்லை.

அடுத்து, பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் வேலை. ‘301’ எனப்படும் நிரந்தரத் திருப்பம் ஒவ்வொரு கோப்புக்கும் அதற்கு இணையான புதிய பக்கத்தையே காட்ட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது பரவலான குறுக்குவழி. அப்படிச் செய்தால் வந்தவருக்குத் தேடியது கிடைக்காது. கூகுளும் அதைக் காணாமல்போன பக்கமாகவே கருதும். விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸுக்கு மாறும்போது இன்னொரு சிக்கல் வரும். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்க்கும். லினக்ஸ் வெவ்வேறாகப் பார்க்கும். கோப்பு அதே இடத்தில் இருந்தும் திறக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெயரின் நடுவே இடைவெளி உள்ள கோப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகுள் சொல்கிறது. நாக் ஆவணங்களுக்கு அந்தத் தரச்சான்றின் காலம் முடியும்வரை வைத்திருப்பதே சரி.

தமிழ்ப் பக்கங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். இதில்தான் கால மதிப்பீடுகள் மிக மோசமாகத் தவறுகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. இருந்தும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த சுற்றறிக்கைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. ஒரு பத்தியை நகலெடுத்துச் செல்பேசியில் ஒட்டிப் பாருங்கள்: ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால் பழைய குறியாக்கம்; எதுவுமே வராவிட்டால் ஸ்கேன் செய்த படம். குறியாக்க மாற்றி மென்பொருள் கொண்டு மாற்றலாம். ஆனால் நடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் பாடக் குறியீடுகளையும் அது தமிழ் எழுத்துகளாக்கிக் குழப்பிவிடும். எனவே மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் தமிழ் படிக்கத் தெரிந்தவர் வரிவரியாகப் பார்க்க வேண்டும். யூனிகோடில் அடித்த பிடிஎஃப்பிலும் கொம்பும் காலும் இடம் மாறி, தேடலில் சிக்காமல் போவதுண்டு. அறிவிப்பின் முழு வாசகத்தையும் பக்கத்திலேயே இட்டு, கையொப்பமிட்ட பிடிஎஃப்பைக் கீழே இணைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

வடிவமைப்பு மாதிரிகளை ஆங்கிலத்தில் மட்டும் பார்த்து ஒப்புதல் தருவதும் தவறு. ‘தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்’ என்ற பெயர், ‘COE’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்காக அளந்த பொத்தானுக்குள் அடங்காது. வரி இடைவெளி போதாவிட்டால் மேல்வரியின் உகரக் குறி கீழ்வரியின் புள்ளியோடு மோதும். மாதிரியிலேயே உண்மையான தமிழ் வாசகத்தை இடச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியை ஒரு தனி ‘பிளக்-இன்’ (கூடுதல் நிரல்) போட்டு முடித்துவிட முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. செய்ய வேண்டியவை தெளிவானவை: எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிமாறுபாடு குறைந்தது 4.5:1, தானே தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் ஓடும் எதற்கும் நிறுத்தும் பொத்தான், சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் விண்ணப்பத்தை நிரப்பும் வசதி. ஓடும் ‘புதிய அறிவிப்பு’ப் பட்டையை எடுத்துவிட்டுத் தேதியிட்ட பட்டியலை வைப்பது எல்லோருக்குமே நல்லது.

தேர்வு முடிவுகளைத் தளத்தின் மற்ற பகுதிகளோடு சேர்க்கவே கூடாது. தனித் துணை முகவரி, தனி சர்வர், முன்கூட்டியே உருவாக்கி வைத்த எளிய பக்கங்கள் போதும். லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் சேர்க்கைப் பக்கம் முடங்காது.

திறப்பு நாள் சேர்க்கையும் முடிவுகளும் நெருக்கும் மே முதல் ஜூலை வரை வேண்டாம். இரண்டு நாள் முன்பே, தளத்தின் பெயரை சர்வரோடு இணைக்கும் டொமைன் (டிஎன்எஸ்) பதிவுகளின் காலாவதி நேரத்தை (டிடிஎல்) 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், கோளாறு வந்தால் விரைவில் பழையதற்குத் திரும்பலாம். டொமைன் பதிவுகளை நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றும்போது மின்னஞ்சலுக்கான பதிவுகள் விடுபட்டு, பல்கலைக்கழகத்தின் அஞ்சலே நின்றுபோவதுண்டு. இருப்பதை அப்படியே ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சோதனைத் தளத்தில் கூகுளைத் தடுக்க இட்ட கட்டளையைத் திறப்பு நாளில் எடுக்க மறந்தால், சில வாரங்களில் தளம் தேடலிலிருந்தே மறைந்துவிடும். திறந்த பிறகு பழைய சர்வர் எழுத முடியாத நிலையில் மூன்று மாதமாவது ஓடட்டும். திறப்புக்கு முன் உள்ளடக்கத்தை மாற்றும் இரண்டு வாரமும் எந்த அறிவிப்பையும் இரு தளத்திலும் ஏற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இல்லையேல் அந்த இரண்டு வார அறிவிப்புகள் புதிய தளத்தில் இராது.

ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்குமாறு பதிவாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மூல நிரல், தரவுத்தளம், ஹோஸ்டிங் கணக்கு அனைத்தும் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்க வேண்டும். கல்வி நிறுவன டொமைன்களைப் பதிவு செய்யும் எர்னெட் நிறுவனத்தில் பதிவான டொமைனுக்குத் தொடர்பு மின்னஞ்சலாகப் பதிவாளர் அலுவலகத்தின் பொது முகவரியைத் தரவேண்டும். ஓய்வுபெற்ற ஊழியரின் தனி முகவரிக்குப் போகும் புதுப்பிப்பு அறிவிப்பை யாரும் பார்ப்பதில்லை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கையாளரின் பாதுகாப்புச் சான்று இல்லாமல் தளம் திறக்கக் கூடாது. தொகையில் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, திறந்து 90 நாள் கழித்து, பழைய முகவரிப் பட்டியலை மீண்டும் ஓட்டிப் பார்த்து, அத்தனையும் உரிய பக்கத்தைத் திறக்கின்றன என்று கணினி மையம் எழுதிக் கொடுத்த பிறகே விடுவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்வி நிறுவன இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.