ராத்திரி வீட்டில் நடந்த சோதனை, எஃப்.ஐ.ஆரில் காலையில் பாலத்தடி: பதிவுகளைப் பாதுகாக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: என் மகன் மீதான கஞ்சா வழக்கில் சோதனை நடந்த இடமும் நேரமும் மாற்றி எழுதப்பட்டது குறித்து விசாரிக்கவும், அந்த இரவின் பதிவுகள் அழியாமல் காக்கவும் கோருதல்.

அய்யா, வணக்கம்.

நான் வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு மா நிலம் வைத்திருக்கிற விவசாயி. என் மகனுக்கு 23 வயது, அறுவடை மிஷின் ஓட்டுகிறான். 1.200 கிலோ கஞ்சா வைத்திருந்தான் என்று அவன்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள், இப்போது ரிமாண்டில் இருக்கிறான்.

ஆவணி கடைசி, குறுவை அறுப்பு நேரம். அன்று ராத்திரி நான் டிபிசியில், அதாவது அரசு நெல் கொள்முதல் நிலையத்தில், எங்கள் நெல் குவியலுக்குக் காவலாகப் படுத்திருந்தேன் (மூன்று நாளாக எடை போடவில்லை, அது வேறு கதை). 11.40க்கு என் மனைவி போன் செய்து, போலீஸ் வந்து வீட்டைப் புரட்டுகிறார்கள் என்று அழுதாள். நான் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர்தான் யூனிஃபார்மில். வீட்டில் என் மனைவியும் கல்லூரியில் படிக்கிற மகளும் இருக்க, பெண் போலீஸ் ஒருவர்கூட இல்லை. பத்தாயத்தைத் திறந்து விதைநெல்லைத் தரையில் கொட்டியிருந்தார்கள், வைக்கோல் போரைக் கலைத்திருந்தார்கள், சாமி படத்தைக்கூட விடவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. எந்தக் காகிதமும் காட்டவில்லை, யாரும் வீடியோ எடுத்ததாகவும் தெரியவில்லை. "விசாரிச்சுட்டுக் காலையில அனுப்பிடுறோம்" என்று சொல்லிப் பையனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால், மறுநாள் காலை 6.15க்கு ஆற்றுப்பாலத்தடியில் மஞ்சப்பையோடு நின்றவனைப் பிடித்தார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த நேரத்தில் பாலத்து டீக்கடையில் லோடுமேன்கள் பத்துப் பேராவது நிற்பார்கள். பொருளைக் கைப்பற்றியதாக எழுதிய மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவருமே காவலர்கள்.

இடத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை, வக்கீல் சொன்ன பிறகுதான் புரிந்தது. 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் 42வது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் கிடைத்த தகவலை எழுதி வைக்க வேண்டும், சூரியன் மறைந்த பிறகு என்றால் வாரண்ட் வாங்க ஏன் நேரமில்லை என்ற காரணத்தையும் எழுத வேண்டும், அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். இதை முழுக்க விட்டுவிட்டால் ஏற்க முடியாது என்று கர்னைல் சிங் வழக்கில் 2009லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொது இடம் என்றால் 43வது பிரிவு, அதில் இந்த எழுத்து வேலை எதுவும் கிடையாது. வீடு பாலத்தடியானது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். எடையையும் பாருங்கள், ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதிகபட்சம் ஒரு வருடம்; ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து வருடம் வரை போகலாம்.

50வது பிரிவு, அதாவது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை கேட்கும் உரிமை, அதை நான் பெரிதாகப் பிடித்துக்கொள்ளவில்லை. உடம்பில் அல்லாமல் பையில் எடுத்ததாகச் சொன்னால் அந்தப் பிரிவு உதவாது என்று வக்கீலே சொல்லிவிட்டார். சோதனை முறைகேடு என்பதற்காக மட்டும் கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டு தள்ளிவிடாது என்பதும் தெரியும். எங்கள் வாதம் அதற்கும் முந்தியது. அந்தப் பாலத்தடிச் சோதனையே நடக்கவில்லை.

கஞ்சா விற்கிறவனைப் பிடிக்காதீர்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பொட்டலம் கைமாறுகிறது என்று ஸ்டேஷனுக்கு நானே இரண்டு முறை போன் செய்திருக்கிறேன். வழக்கை ரத்து செய்யுங்கள் என்றும் உங்களிடம் கேட்கவில்லை, அது கோர்ட்டு வேலை. உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

அன்று ராத்திரி 11 மணியிலிருந்து மறுநாள் காலை 7 மணி வரை ஸ்டேஷன் வாசல், லாக்கப் கேமரா பதிவுகளை உடனே எடுத்து சீல் வைக்கச் சொல்லுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் கேமரா பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. ஆனாலும் கேட்கிற நேரத்தில் கேமரா பழுது என்று பதில் வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு, ஜீப்பின் பயணப் பதிவேடு, வந்தவர்களின் செல்போன் இருப்பிட விவரம் இவையும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105வது பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்திருக்க வேண்டும். பாலத்தடியில் எடுத்த வீடியோ இருந்தால் அதைக் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

விசாரணையை அந்த ஸ்டேஷனுக்கே திருப்பி அனுப்பிவிடாமல் வேறு உட்கோட்ட டி.எஸ்.பி. ஒருவரிடம் கொடுங்கள். சோதனை எங்கள் வீட்டில்தான் நடந்தது என்று தெரியவந்தால், காரணமில்லாமல் நுழைந்து தேடியவர்களுக்கு போதைப்பொருள் சட்டத்தின் 58வது பிரிவில் தண்டனை இருக்கிறது, அதன்படி நடவடிக்கை எடுங்கள்.

என் மனைவியின் போன் அழைப்பு விவரம், கொட்டிக் கிடந்த விதைநெல்லை ராத்திரி 12.20க்கு என் மகள் எடுத்த போட்டோ, எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றும் இணைத்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் சாட்சி சொல்லத் தயார், ஆனால் ஸ்டேஷனுக்கு வரமாட்டார், உங்கள் அலுவலகத்துக்கு என்றால் வருவார். மனு வாங்கியதற்கு ரசீது எண் கொடுக்கச் சொல்லுங்கள், அய்யா.

இப்படிக்கு,
மனுதாரர்
(பெயரும் முகவரியும் இணைப்பில்)