கொல்லுவேலைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

2024–25ஆம் ஆண்டில் நம் சங்கம் செய்த பணிகளைப் பற்றிய அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் 31ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை இப்போது 34. செயற்குழு 6 முறை கூடியது. பட்டறை 22 நாட்கள் நடைபெற்றது. பெரிய உலையின் காற்றூதி மாற்றப்பட்டது. ஆட்டம் கண்டிருந்த பட்டடைக்கல்லின் அடிக்கட்டை ஆப்பு வைத்து இறுக்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் அதை நான் தொடவில்லை. இவ்வாண்டின் பெரும்பகுதி ஒரே வேலையில் கழிந்தது. பனிச்சறுக்கு வண்டியின் குதிரைக்குக் கட்டும் சலங்கையைக் கையால் அடித்து உருவாக்குவதே அந்த வேலை. ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

இது திட்டமிட்டுத் தொடங்கியதன்று. உறுப்பினர் ஒருவர் பழைய தோல்வார் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அதில் வார்ப்புப் பித்தளைச் சலங்கைகள் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அதன் அளவைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருந்தது. நடுவே ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. காணாமற்போன அந்த ஒன்றை இரும்பில் அடித்துத் தர முடியுமா என்று அவர் கேட்டார். முடியும் என்று அன்று கூட்டமாகச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். அந்த ஒரு சொல்லுக்கு ஏறத்தாழ 11 மாதம் உழைக்க வேண்டியதாயிற்று.

பனியின் மேல் சறுக்கிச் செல்லும் வண்டிக்குச் சக்கரமும் இல்லை, சத்தமும் இல்லை. குதிரையின் குளம்படியையும் பனி விழுங்கிவிடும். எதிரே வருபவருக்கு வண்டி வருவது தெரியாது. தெரிந்த பின் சட்டென்று நிறுத்தவும் முடியாது. ஆகவே சலங்கை அலங்காரமாக மட்டும் கட்டப்படவில்லை. அதைக் கட்டித்தான் ஓட்ட வேண்டும் என்று சில இடங்களில் சட்டமே இருந்தது. இங்கிலாந்தின் ஆல்ட்போர்ன் என்னும் ஊரில் 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வெல்ஸ் வார்த்த சலங்கைகள், அவர் பெயரின் முதலெழுத்துகளோடு, இன்றும் உழுத வயல்களில் கிடைக்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஈஸ்ட் ஹாம்ப்டனில் 1808இல் வில்லியம் பார்ட்டன் இத்தொழிலைத் தொடங்கிய பின், அவ்வூருக்கு மணியூர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. மணலால் ஆன உட்கருவுக்குள், சலங்கைக்குள் ஓடி ஒலியெழுப்பும் உருண்டையான இரும்புப் பரலைப் புதைத்து, அதைச் சுற்றி உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் கீழ்ப் பிளவின் வழியே மணலை உதிர்த்துவிடுவது அவர்கள் முறை. பரல் மட்டும் உள்ளே தங்கிவிடும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் செய்ய முனைந்த பொருள் பெரும்பாலும் வார்ப்பாலைப் பொருள், கொல்லுப்பட்டறையின் பொருளன்று. வார்ப்பவருக்குப் பொருத்து என்பதே கிடையாது, முழு உருண்டையும் ஒரே ஊற்றில் வந்துவிடும். நமக்கோ இவ்வாண்டின் தொல்லைகளில் பாதிக்கு மேல் பொருத்திலிருந்தே வந்தன.

பட்டறையில் சொற்குழப்பம் வராதிருக்க, நாக்குத் தொங்குவதை மணி என்றும், மூடிய கூட்டுக்குள் உருண்டை ஓடுவதைச் சலங்கை என்றும், அந்த உருண்டையைச் சிலம்புக்கு வழங்கும் பழஞ்சொல்லாலேயே பரல் என்றும் குறிப்பது என முதல் நாளே முடிவு செய்தோம். இவ்வறிக்கையிலும் அவ்வாறே எழுதியுள்ளேன்.

முதலில் எளிய வழியாக நான்கிதழ்ச் சலங்கையைச் செய்து பார்த்தோம். 1.5 மி.மீ. கனமுள்ள மென்னிரும்புத் தகட்டைச் சிலுவை வடிவில் வெட்டி, நடுவைக் குழித்து, நான்கு கைகளையும் உருண்டை அச்சின் மேல் வளைத்து, பரலை உள்ளே இட்டு நுனிகளைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. புதிய உறுப்பினர்கள் ஒரே நாளில் ஒன்று செய்து எடுத்துச் செல்ல முடிந்ததால் இதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. மொத்தம் 19 செய்யப்பட்டன. ஆனால் அவற்றின் ஓசையைப் பற்றி நான் முகமனாகப் பேச விரும்பவில்லை. இதழ் நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் இரைச்சல் எழுகிறது. தொடாவிட்டால் நான்கு இதழ்களும் தனித்தனியே அதிர்ந்து, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் கேட்கிறது. பார்க்க அழகானவை என்ற அளவில் அவற்றை நிறுத்திக்கொண்டோம்.

அடுத்து, இரண்டு அரைக்கோளங்களை அடித்துப் பொருத்தும் முறைக்கு வந்தோம். 50 மி.மீ. விட்டமுள்ள சலங்கைக்குத் தகட்டு வட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில் தொடக்கத்தில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. அரைக்கோளத்தின் பரப்பும் தட்டை வட்டத்தின் பரப்பும் சமம் என்று வைத்தால், வட்டத்தின் விட்டம் கோளத்தின் விட்டத்தைப் போல் 1.414 மடங்கு வரும். அதாவது ஏறத்தாழ 71 மி.மீ. ஆனால் குழிக்கும்போது தகடு மெலிந்து விரிவதால், நடைமுறையில் 68 மி.மீ. வெட்டினாலே போதுமானதாக இருந்தது. மரக்கட்டையில் தோண்டிய குழியின் மேல் வட்டத்தைச் சாய்த்துப் பிடித்து, குண்டுத்தலைச் சுத்தியலால் விளிம்பருகே தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வர வேண்டும். விளிம்பில் சுருக்கம் எழும். எழுந்த உடனே, அது மேலே புரண்டு மடிவதற்குள் தட்டிச் சமன் செய்துவிட வேண்டும். மடிந்த பிறகு தட்டினால் மேலே சரியானது போல் தோன்றும். அடுத்த சூட்டில் அதே கோட்டில் வெடிப்பு வரும். இதைச் சொல்லிக் கொடுப்பது எளிது. கை கேட்பதற்கு ஐந்தாறு தகடுகளாவது போக வேண்டியிருக்கிறது.

அரைக்கோளங்கள் இரண்டையும் கூட்டுவதற்கு முன் மூன்று வேலைகள் முடிந்திருக்க வேண்டும். மேல் பாதியில் துளையிட்டு, 5 மி.மீ. கம்பியை வளைத்த காதை, அதாவது சலங்கையைத் தொங்கவிடும் வளையத்தை, செருகி, அதன் முனைகளை உட்புறமாகத் தட்டி விரித்துவிட வேண்டும். கீழ்ப் பாதியில் இரண்டு 8 மி.மீ. துளைகளும் அவற்றை இணைக்கும் 4 மி.மீ. பிளவும் வெட்டப்பட்டிருக்க வேண்டும். துளைகள் இல்லாமல் வெறும் பிளவை மட்டும் விட்டால் அதன் முனையிலிருந்து விரிசல் ஓடுகிறது. பிறகு 12 மி.மீ. பரல் உள்ளே போயிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்றை மறந்து பாதிகளை மூடிவிட்டால் திரும்ப வழியில்லை. காது இல்லாத சலங்கை ஒன்று செயலாளரின் மேசை மேல் தாள்கள் பறக்காதிருக்கப் பயன்படுகிறது. அதை அடித்தவர் செயலாளர்தான்.

மூடிய உருண்டை பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. துளையோ பிளவோ இல்லாத பொள்ளல் உருண்டையை உலையில் இடுவது வெடிகுண்டை இடுவதற்குச் சமம். உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரியும்போது உருக்கு தாங்காது. பிளவைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் கேட்டபோது பட்டறைப் பொறுப்பாளர் அன்றைய வேலையையே நிறுத்தினார். அவர் செய்தது சரி.

பொருத்துவதற்குப் பித்தளையும், உருகிய பித்தளை இரும்பில் ஒட்ட உதவும் வெண்காரமும் பயன்படுத்தினோம். ஒரு பாதியின் விளிம்பைச் சற்றே விரித்து மற்றதை அதனுள் இறுக்கமாக அமர்த்தி, வெண்காரக் குழம்பைத் தடவி, பித்தளைக் கம்பித் துண்டுகளைப் பொருத்தைச் சுற்றி வைத்து, உலையில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பித்தளை ஒரு கணத்தில் நீராகிப் பொருத்துக்குள் ஓடி மறைகிறது. இடைவெளி அதிகமாக இருந்தால் ஓடாது, கீழே சொட்டிவிடும். இம்முறையில் 22 சலங்கைகள் முயலப்பட்டு 12 மட்டுமே தேறின. மூன்றில் விளிம்பு கருகிப் பொரி பறந்தது. தகட்டின் விளிம்பு மற்ற இடங்களை முந்திக்கொண்டு சூடேறுவதே காரணம். இரண்டைப் பித்தளை இறுகுவதற்குள் அவசரப்பட்டு நீரில் அமிழ்த்தியதால் பொருத்து வாய் பிளந்தது. ஒன்று மேலே சொன்ன காதில்லாதது.

மீதி நான்கின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவற்றுள் முதலாவது, பார்ப்பதற்கு அதுவரை செய்தவற்றுள் மிகச் சிறந்தது. பொருத்து எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. ஆறிய பின் எல்லோரும் சுற்றி நிற்க அதை எடுத்துக் குலுக்கினோம். ஒரு சத்தமும் இல்லை. பிளவின் வழியே விளக்கடித்துப் பார்த்தபோது, பரல் பொருத்தின் மேலேயே உட்கார்ந்து பித்தளையோடு ஒட்டிப்போயிருந்தது தெரிந்தது. உருகும் நேரத்தில் சலங்கை பக்கவாட்டில் கிடந்ததால் பரல் அங்கே உருண்டு வந்திருக்கிறது. தட்டிப் பார்த்தோம், மறுபடி சூடேற்றிப் பார்த்தோம், விடவில்லை. இதே தவறு இன்னும் மூன்று முறை நேர்ந்த பின்னரே, பரலைக் களிமண் கரைசலில் தோய்த்துக் காயவைத்து உள்ளே இடும் வழக்கம் வந்தது. வேலை முடிந்ததும் சலங்கையை வெந்நீரில் ஊறவைத்துக் குலுக்கினால் களிமண்ணும் உள்ளே கண்ணாடியாக உறைந்த வெண்காரமும் பிளவின் வழியே வெளியேறிவிடுகின்றன. அதன் பிறகு ஒரு பரல்கூட ஒட்டவில்லை.

ஆண்டின் பிற்பாதியில் மண்பொதி முறையையும் முயன்றோம். குஜராத்தின் கச்சுப் பகுதியில் நிரோனா, சுரா ஆகிய ஊர்களின் லோகார் கைவினைஞர்கள் இரும்புத் தகட்டை அடித்து மணியாக்கி, உலோகத்தூளோடு மண் பொதிந்து சூளையிலிட்டுச் செம்பு நிறப் பூச்சைப் பெறுகிறார்கள். போர்ச்சுகலின் அல்காசோவாஸ் ஊரிலும் இரும்பு மணியைப் பித்தளைத் துண்டுகளோடு சேர்த்துக் களிமண்ணும் வைக்கோலும் கலந்த உறையில் மூடிச் சுடுகிறார்கள். செய்பவர் அருகிவிட்டதால் அந்நாட்டு மாட்டுமணித் தொழிலை யுனெஸ்கோ 2015இல் உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு தூரம் விலகியிருக்கும் இரண்டு இடங்களில் கொல்லர் கை ஒரே வழியைக் கண்டிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. நாம் ஐந்து பொதிகள் சுட்டோம். சரியாகக் காயாத ஒன்று நீராவியால் வெடித்து உலையைச் சிதறடித்தது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. மற்ற நான்கையும் உடைத்து எடுத்தபோது, உள்ளும் புறமும் பித்தளை படர்ந்து, பொருத்து தானாகவே அடைபட்டிருந்தது.

தேறிய 16 சலங்கைகளையும் நூலில் தொங்கவிட்டு, கேட்பவர் கண்ணை மூடியிருக்க, ஒவ்வொன்றாக ஆட்டி ஓசையை ஒப்பிட்டோம். மண்பொதியில் வந்த நான்கும் நீண்ட நேரம் இசைத்தன. காரணம் பித்தளையின் நிறத்தில் இல்லை. பொருத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி அதிர்வைத் தின்றுவிடுகின்றன. அந்நான்கிலும் அவ்விடைவெளி முழுதும் நிரம்பியிருந்தது. உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிவிட்டு ஓசை போதவில்லை என்பவர்களுக்கு ஒரு சொல்: கையே அதிர்வை அடக்கிவிடுகிறது, காதைப் பிடித்துத் தொங்கவிட்டே கேளுங்கள்.

மின்பற்றவைப்பு இயந்திரத்தால் பொருத்தினால் அது கைவேலை ஆகுமா என்ற வாதம் இரண்டு செயற்குழுக் கூட்டங்களைத் தின்றது. கூடாது என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். அதைப் பதிவு செய்கிறேன். என் சொந்தக் கருத்து வேறு. உலைக்குக் காற்றூதும் மோட்டாரை ஏற்றுக்கொண்ட பின் இந்த ஒரு கருவியை மட்டும் வாசலில் நிறுத்துவதற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை. பற்றவைத்த மேட்டை அராவும்போது தகடு மெலிவது ஒன்றே அதிலுள்ள உண்மையான குறை.

பாதுகாப்பு பற்றி இரண்டு குறிப்புகள். துத்தநாகம் பூசிய தகடு ஒன்று தவறுதலாக வந்தது. மேற்பரப்பின் பூப்போன்ற படிகக் கோலத்தை ஒருவர் கவனித்ததால் உலைக்குள் போகாமல் தப்பியது. பித்தளையிலும் துத்தநாகம் உண்டு. அது 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெண்புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். அப்புகையை உள்ளிழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். ஆகவே பித்தளை வேலை திறந்த வெளி உலையில் மட்டுமே நடைபெறும் என்ற தீர்மானம் இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது.

இரவல் கொண்டுபோன குறடுகளில் இரண்டும் 8 மி.மீ. துளையூசியும் இன்னும் திரும்பவில்லை. கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பழைய தோல்வாரின் வெற்றிடத்தில் மண்பொதிச் சலங்கை ஒன்று இப்போது பூட்டப்பட்டுள்ளது. வார்ப்புச் சலங்கைகளின் நடுவே அதன் குரல் சற்றுத் தடித்துத் தனியாகத்தான் கேட்கிறது. வாரின் உரிமையாளர் அதை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீதி 15இல் 12ஐ அளவு வரிசைப்படி ஒரு புதிய வாரில் கோக்கும் வேலை நடைபெற்று வருகிறது. வரும் ஆண்டில் நாக்குள்ள மாட்டுமணியை மண்பொதி முறையில் செய்யலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கான களிமண்ணை இப்போதே பிசைந்து உலர்த்தத் தொடங்க வேண்டியிருப்பதால், விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பட்டறைப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்